72 ஓட்டு

நம் காமிக்ஸ் குழுவில் நடந்த அந்த ஓட்டெடுப்பைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒருவர் என்னை டேக் செய்து, "அண்ணே, உங்க ஆளு இந்தத் தடவையும் காலி" என்று நாலு சிரிப்புப் பொம்மை போட்டார். சரி, எழுதிவிடுகிறேன்.

பேட்மேனுக்குத் துணையாக வரும் பையன் ராபின். அந்த வேஷத்தில் இரண்டாவதாக வந்த ஜேசன் டாட் சாகட்டுமா பிழைக்கட்டுமா என்று மறுபடியும் ஓட்டுக்கு விட்டது ஜாலிதான். ஜாலியாகவே இருக்கட்டும். எனக்கு எரிந்தது அதற்குக் கீழே இருந்த கமெண்ட்: "வாசகர்களே தீர்ப்பு சொல்லி அனுப்பிவைத்தவனைத் திரும்பக் கூட்டிவந்து கதையைக் கெடுத்துவிட்டார்கள்." அதற்கு அத்தனை லைக். போட்டவர்களில் பாதிப் பேர் நான் மதிக்கிறவர்கள்.

எந்த வாசகர்கள், ஐயா? எந்தத் தீர்ப்பு?

1988 செப்டம்பர். பேட்மேன் 427ஆம் இதழ், கோடவுனில் குண்டு வெடிப்பதோடு முடிகிறது. உள்ளே ராபின். கூடவே ஒரு விளம்பரம், அதில் இரண்டு போன் நம்பர். ஒன்றுக்கு அடித்தால் பையன் பிழைப்பான், மற்றதற்கு அடித்தால் சாவான். ஒரு அழைப்புக்கு 50 சென்ட், மொத்தம் 36 மணி நேரம். சாகட்டும் என்று வந்தவை 5,343. பிழைக்கட்டும் என்று வந்தவை 5,271. வித்தியாசம் 72.

இதில் எண்ணியது ஆட்களை அல்ல, அழைப்புகளை. ஒருவரே பத்துத் தடவை அடித்தாலும் பத்து ஓட்டு. ஒரே ஆள் கம்ப்யூட்டரை வைத்து நூற்றுக்கணக்கில் அடித்துத் தள்ளினார் என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக உண்டு. நிரூபணம் கிடையாது, அதை நான் இழுக்கவில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம். 72 அழைப்புக்கு 36 டாலர். அந்தப் பையனின் உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருந்தது அவ்வளவுதான். அதை 'வாசகர்களின் தீர்ப்பு' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறீர்கள்.

எடிட்டர் டென்னிஸ் ஓ'நீல் காலத்து யோசனை இது. எழுதிய ஜிம் ஸ்டார்லினுக்கு ராபின் என்ற பாத்திரமே பிடிக்காது, அவரே பேட்டிகளில் சொன்னதுதான். பிடிக்காதவர் கையில் பையனைக் கொடுத்து, அவனைக் கோபக்காரனாக, சொல்பேச்சு கேட்காதவனாக மாதாமாதம் எழுதவைத்து, பிறகு நம்மிடம் வந்து "இவன் வேண்டுமா வேண்டாமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? 72 ஓட்டில் தோற்றதே அவனுக்குப் பெருமை என்பேன்.

அவன் முதல் ராபின் இல்லை. அதுதான் அவன் செய்த ஒரே குற்றம். 1940இல் வந்த டிக் கிரேஸன் சர்க்கஸ் பிள்ளை, சிரித்த முகம், எல்லாருக்கும் செல்லம். 1983இல் ஜேசனைக் கொண்டுவந்தபோது அவனையும் சர்க்கஸ் பிள்ளையாகவே ஆக்கினார்கள். அப்புறம் 1987இல் அதை அழித்து எழுதினார்கள். இந்தத் தடவை தெருப்பையன். நிறுத்திவைத்த பேட்மேன் காரிலேயே டயரைக் கழற்றியவன், பிடிக்க வந்த பேட்மேனையே டயர் கழற்றும் இரும்பால் ஒன்று போட்டவன். இப்படி ஒருத்தனை வீட்டுக்குக் கூட்டிப் போய், அண்ணனுடைய சட்டையை மாட்டிவிட்டு, அண்ணனைப் போல் சிரி என்றால் எப்படி?

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம் வரும். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

நான் வீட்டில் இரண்டாவது. பள்ளிக்கு அண்ணனுடைய பழைய யூனிஃபார்ம்தான். சட்டைக் காலரின் உள்பக்கம் அம்மா நீல நூலில் அவன் பெயரின் முதல் எழுத்தைத் தைத்திருப்பார். எனக்கு வந்தபோது அதைப் பிரித்தார், ஆனால் ஊசி ஏறிய புள்ளிகள் போகவில்லை. தடவிப் பார்த்தால் எழுத்து கையில் தட்டுப்படும். ஆறாம் வகுப்பில் ஒரு ஆசிரியர் வருடம் முழுக்க என்னை அண்ணன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். தப்பு செய்த நாளில் மட்டும் என் பெயர் அவருக்குச் சரியாக ஞாபகம் வரும். கபடி டீமுக்கு ஆள் எடுத்தபோது (அண்ணன் கேப்டனாக இருந்த டீம்) அவர் வகுப்பைப் பார்த்து, "இவன் வேணுமா? கை தூக்குங்க" என்றார். நான் எண்ணினேன். என்னைத் தவிர யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். என் பெஞ்சுக்காரன் கை தூக்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பல வருடம் கழித்து நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஜேசன் சாகும் அந்தக் கதையின் தொகுப்பு கிடைத்தது. எத்தியோப்பியாவில் பெற்ற தாயைத் தேடிக் கண்டுபிடிக்கிறான் ஜேசன். அவளே அவனை பேட்மேனின் பரம எதிரி ஜோக்கரிடம் காட்டிக்கொடுக்கிறாள். ஜோக்கர் கடப்பாரையால் அடிக்கிறான், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிகரெட் பற்றவைக்கிறாள். அப்புறம் குண்டு. அந்தப் பையன் எலும்பு நொறுங்கிய உடம்போடு ஊர்ந்து போய் முதலில் அவளுடைய கட்டைத்தான் அவிழ்க்கிறான். கதவு பூட்டியிருக்கிறது. வெடிக்கும்போது அவளுக்கு முன்னால் பாய்ந்து நின்றான் என்பது அடுத்த இதழில் அவள் வாயாலேயே வரும். இவனைத்தான் 'மோசமான ராபின்' என்கிறீர்கள்.

"கற்பனைப் பாத்திரத்துக்குப் போய் இவ்வளவா?" என்று கேட்பீர்கள். நீங்களும் கற்பனைப் பாத்திரத்தைத்தான் இரண்டு நாளாகக் கொன்றுகொண்டிருக்கிறீர்கள். அடுத்தது.

"செத்தவர்கள் திரும்பி வந்தால் சாவுக்கு மதிப்பில்லை." இது நியாயமான பேச்சு, மறுக்கவில்லை. அவன் திரும்பி வந்த விதம் படுகேவலம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எங்கோ ஒரு சூப்பர்பாய் அண்டத்தின் சுவரைக் குத்தினானாம், அந்த அதிர்வில் இவன் சவப்பெட்டிக்குள் கண் விழித்தானாம். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் இவன் திரும்பி வந்த அதே 2005இல்தான் கேப்டன் அமெரிக்காவின் துணைப் பையன் பக்கியும் திரும்பி வந்தான். 1964இலேயே செத்துவிட்டதாகச் சொல்லப்பட்டவன். அவனும் கொலைகாரனாகத்தான் வந்தான். அவனுக்கு மட்டும் கண்ணீர் விட்டீர்கள், டீஷர்ட் வாங்கினீர்கள். அவனுக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமா? பக்கியை யாரும் ஓட்டுப் போட்டுக் கொல்லவில்லை, அதனால் அவன் திரும்பி வந்தால் யாருக்கும் உறுத்தவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"வந்தவன் கொலை செய்தானே, தலைகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்தானே?" செய்தான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் ஜட் வினிக் எழுதிய அந்தக் கதையில் அவன் பேட்மேனிடம் கேட்பது என்ன என்று படித்துவிட்டு வாருங்கள். என்னைக் காப்பாற்றாமல் போனதற்கு மன்னித்துவிட்டேன், ஆனால் அவன் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்றுதான் கேட்கிறான். ஜோக்கரை. தனக்காக ஒரு தடவையாவது யாராவது நிலை தடுமாறினார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவனுக்கு. பேட்மேனின் குகையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் உடுப்பை மாட்டி 'நல்ல போர்வீரன்' என்று எழுதிவைத்தார்கள். உயிரோடு இருந்தபோது அதில் ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சட்டையும் முதலில் அண்ணனுடையதுதான், மறந்துவிட வேண்டாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2023 டிசம்பரில் பேட்மேனை வெளியிடும் அதே டிசி கம்பெனி ராபின் பிழைத்ததாக அன்றைக்கே வரைந்து வைத்திருந்த பக்கத்தைச் சேர்த்து அடுத்த இதழான 428ஐ மறுபடியும் அச்சடித்து விற்றது. செத்தாலும் காசு, பிழைத்தாலும் காசு. அதில் எனக்குக் கோபம் இல்லை, வியாபாரம். 72 ஓட்டை இன்னும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிற நம் ஆட்கள் மேல்தான் கோபம்.

குழுவை விட்டுப் போகிறேனா என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: இல்லை. போனால் அதற்கும் ஓட்டெடுப்பு வைப்பீர்கள்.

இதைப் போடுவதற்கு முன்னால் அண்ணனுக்கு போன் செய்து முழுதாகப் படித்துக் காட்டினேன். யூனிஃபார்ம் பற்றிய பத்தியையும்தான். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, யாரு அந்த ஜேசன்?" என்றான். அவனுக்குத் தெரிந்த ராபின் ஒருத்தன்தான்.