ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு எதைக் கற்பிப்பது?

வெள்ளிக்கிழமை நம் கல்லூரிக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றிப் பலரும் கேட்டுவிட்டீர்கள். தகவல் தொடர்புப் பொறியியல் ஆய்வக நேரத்தைப் பாதியாக்கி, அதை வேலைவாய்ப்புப் பயிற்சிக்குக் கொடுப்பதென்றும், சோதனைகளை மாணவர்கள் கணினியிலேயே சிமுலேஷனாகச் செய்துகொள்ளலாம் என்றும் முடிவெடுத்துவிட்டார்கள். நான் மறுத்தபோது, "சார் இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறார்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். 19 ஆண்டுகள் பாடம் நடத்தியவனுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

சிமுலேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை. 6 கிலோஹெர்ட்ஸ் அலையை நொடிக்கு 8000 முறை மட்டும் அளந்து மாதிரி (சாம்பிள்) எடுத்தால் அது 2 கிலோஹெர்ட்ஸ் அலையாகத் திரும்பி வரும் என்பதை நானே கணினியில்தான் முதலில் காட்டுகிறேன். ஆனால் ஆய்வகத்தில் ஒரு மாணவி, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் சி.ஆர்.ஓ. கருவியின் புரோப் (அளக்கும் கம்பி) முனையை விரலால் தொட்டதும், எந்தச் சுற்றோடும் இணைக்காத திரையில் 20 மில்லிநொடிக்கு ஒன்றாக அலை எழும்புகிறது. அறையின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தன் உடல் வழியாக வந்து நிற்பதைப் பார்த்து அவள் கையை வெடுக்கென்று எடுக்கிறாள். சிமுலேஷனில் இரைச்சலை நாம் சேர்த்தால்தான் வரும். ஆய்வக மேசையில் அது கேட்காமலே வரும். கணினிப் பொறியியல் பிள்ளைகளுக்கும் இதுதான். பாக்கெட் (வலையில் அனுப்பும் தகவல் துண்டு) தொலைந்தது என்று மென்பொருள் சொல்லும். தொலைந்த காரணம் பல நேரம் கம்பியிலும் ஆன்டெனாவிலும்தான் கிடக்கும்.

2017 நவம்பர் 30-ஐ நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒக்கிப் புயல் அடித்து ஓய்ந்து வகுப்புகள் திறந்தபின், தூத்தூர்க் கடலோரப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்து, "சாரே, எங்க அப்பாவுக்க போட்டுல வயர்லெஸ் செட்டு இருந்துதே, பிறகு ஏன் கரையில கேக்கல?" என்றான். கரையில் 36 மீட்டர் கோபுரமும் படகில் 4 மீட்டர் ஆன்டெனாவும் இருந்தால் படகு வயர்லெஸ்ஸின் வி.எச்.எஃப். அலை, ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால், 33 கிலோமீட்டர்தான் எட்டும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அவன் அப்பா போயிருந்தது அதைப்போலப் பல மடங்கு தொலைவு. அந்த ஆண்டு அவன் ஆய்வகத்தை விட்டு நகரவில்லை. ஆன்டெனாவைத் தானே வளைத்து, உயரத்தை மாற்றி மாற்றி அளந்துகொண்டிருந்தான். அவனிடம் போய் இது பழைய காலம் என்று யாராவது சொல்லட்டும்.

"வேலை கிடைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். ரப்பர் பால் வெட்டியும் கடன் வாங்கியும் படிக்கவைக்கும் பெற்றோரின் முகம் எனக்கும் தெரியும். அந்தக் கேள்வி நியாயமானது. பயிற்சியை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், நானும் கூட இருக்கிறேன். கருவி பழுதானால் செலவு என்கிறீர்கள். பழுதான கருவிகளில் பாதியை விடுமுறை நாளில் நானும் ஆய்வக உதவியாளரும் உட்கார்ந்து சரிசெய்தோம், அதை ஒருவரும் கூட்டத்தில் சொல்லவில்லை. என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுகிறேன் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

திங்கட்கிழமை காலை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆய்வகம் இருந்தது. சாவியைத் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.