பரனூர் தாண்டாத காதல்

(சனிக்கிழமை மாலை. ஜி.எஸ்.டி. சாலை, பெருங்களத்தூர். விழுப்புரத்தில் நாளை நடக்கும் வளைகாப்புக்குப் புறப்பட்ட கார், இருபது நிமிடமாக ஒரு தண்ணீர் லாரியின் பின்னால் நிற்கிறது. ஓட்டுவது மாமா. பக்கத்து இருக்கையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் நித்யா, மடியில் தடியான ஆங்கில நாவல். கார் நித்யாவின் அப்பாவுடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

மாமா: கிண்டியில் பிரித்த புத்தகம். தலையே நிமிரவில்லை. அப்படி என்ன கதை?

நித்யா: ஒரு பெண், ஒரு பையன், மாமா. இரண்டு பேருக்கும் ஆகாது. ஆனால் ஒரே காரில் கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க் போயாக வேண்டும்.

மாமா: எவ்வளவு தூரம்?

நித்யா: ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர்.

மாமா: ஆயில் மாற்றினார்களா?

நித்யா: அதெல்லாம் கதையில் வராது.

மாமா: வராதா? அப்புறம் அவ்வளவு தூரத்துக்கு என்னதான் எழுதியிருக்கிறார்கள்?

நித்யா: பேசிக்கொண்டே போகிறார்கள். சண்டை, பாட்டு, மோசமான ஓட்டல், மறுபடியும் சண்டை. இந்த மாதிரி நாவல் அங்கே நிறைய. 16 வயதிலேயே பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளே கார் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

மாமா: இங்கே காருக்கு 18. பதினாறில் கிடைப்பது 50 சிசி வண்டிதான். அதில் போனால் திண்டிவனம் வருவதற்குள் காதல் ஆறிவிடும். சரி, காதலிக்கக் கார் எதற்கு? பெசன்ட் நகர் பீச் போதாதா?

நித்யா: பீச்சில் கோபம் வந்தால் எழுந்து போய்விடலாம். காரில் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் கோபப்பட வேண்டும். இன்னொன்று, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேர் கண்ணும் சாலையில் இருக்கும். நேரில் சொல்ல வராததையெல்லாம் முன் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மாமா: ஓ, அதனால்தான் போன மாதம் அரியர் விஷயத்தைத் தாம்பரம் மேம்பாலத்தில் வைத்துச் சொன்னாயா?

நித்யா: அதை விடுங்கள். ஊர் போய்ச் சேர்ந்தால் கதை முடிந்தது, இல்லையா? அதனால் கிலோமீட்டர் குறையக் குறைய, ‘இன்னுமா சொல்லவில்லை?’ என்று நமக்கே பதறும். அதுதான் ருசி.

மாமா: அந்த எழுத்தாளர்கள் ஒருமுறை பெருங்களத்தூர் வரட்டும். இங்கே கிலோமீட்டர் குறையவே குறையாது. சொல்லி, கல்யாணம் முடித்து, வளைகாப்புக்குப் போகாமல் வளைகாப்பையே காரில் நடத்திவிடலாம். எப்படியும் இது நம் ஊருக்கு ஒத்துவராத சரக்கு.

நித்யா: நம் ஊருக்கா? காதலர் இருவரும் வீட்டுக்குச் சொல்லாமல் சேர்ந்து கிளம்புவதற்கு, சங்கப் பாட்டில் உடன்போக்கு என்று ஒரு துறையே இருக்கிறது மாமா! குறுந்தொகை ஏழாம் பாட்டு. அவன் காலில் கழல். அவள் காலில் இன்னும் சிலம்பு இருக்கிறது, அதாவது சிலம்பு கழிக்கும் சடங்கு நடக்கவில்லை, கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேரும் மூங்கில் காட்டு வழியில் நடக்கிறார்கள். காற்றடித்தால் வாகை நெற்றெல்லாம் கழைக்கூத்தாடி பறை மாதிரி சத்தம் போடுகிறது. எதிரே வந்தவர்கள், ‘யாரோ, பாவம்’ என்று இரங்குகிறார்கள். அவ்வளவுதான் பாட்டு.

மாமா: எதிரே வந்தவர்கள் வீட்டுக்குத் தகவல் சொல்லவில்லையா?

நித்யா: இல்லை.

மாமா: என்ன பெருந்தன்மை! இன்றைக்கு என்றால் சிலம்பு வரைக்கும் ஜூம் பண்ணி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘இது நம்ம நித்யா கால் மாதிரி இல்லை?’ என்று கேட்டிருப்பார்கள்.

(லாரி அரை அடி நகர்கிறது. மாமா கியர் போடுகிறார். லாரி நிற்கிறது. மாமா கியரை எடுக்கிறார்.)

மாமா: உன் அத்தையையே நான் இந்த ரோட்டில்தான் பார்த்தேன்.

நித்யா: என்னது?

மாமா: 1997. திருச்சி பஸ். மதுராந்தகம் தாண்டி நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் எல்லோரும் புளியமரத்தடியில். பக்கத்தில் அவளும் அவள் அப்பாவும். எனக்குப் பாதிப் புளிசாதம் கொடுத்தார்கள்.

நித்யா: அத்தையா கொடுத்தார்கள்?

மாமா: புளிசாதம் அவள் அப்பா. ஊறுகாய் அவள்.

நித்யா: மாமா! வண்டி ரிப்பேர் ஆவதுதான் இந்த நாவல்களில் முக்கியமான கட்டமே. இது அப்படியே காதல்!

மாமா: காதல் எல்லாம் இல்லை, ஃபேன் பெல்ட்.

நித்யா: இறங்கும்போது என்ன பேசினீர்கள்?

மாமா: விலாசம் கேட்டேன்.

நித்யா: அத்தையிடமா?

மாமா: அவள் அப்பாவிடம். ‘புளிசாதம் பிரமாதம், பக்குவத்தை எங்கள் அம்மாவுக்கு எழுதிப் போடுங்கள்’ என்றேன்.

நித்யா: போட்டாரா?

மாமா: கார்டு வந்தது. கையெழுத்து அவருடையது இல்லை.

(நித்யாவின் செல்போன் அடிக்கிறது. எடுத்து, ‘சரிப்பா’ என்று மூன்று முறை சொல்லி வைக்கிறாள்.)

நித்யா: அப்பா. பரனூர் டோல்கேட் மெசேஜ் இன்னும் வரவில்லையாம். எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்று கேட்கிறார்.

மாமா: ஃபாஸ்டாக் அவர் நம்பரில் இருக்கிறதே. பரனூரில் ஒரு டிங், ஆத்தூரில் ஒரு டிங், விக்கிரவாண்டியில் ஒரு டிங். அந்தப் பாட்டில் வரும் பெண்ணுக்கு இதெல்லாம் இருந்திருந்தால், செவிலித்தாய் வீட்டில் உட்கார்ந்தபடியே பிடித்திருப்பாள். பிரிவைப் பாடும் பாலைத் திணையில் பாதிப் பாட்டு மிஞ்சியிருக்காது.

நித்யா: பேச்சை மாற்றாதீர்கள். கார்டில் பக்குவம் மட்டும்தான் இருந்ததா?

மாமா: லாரி நகருது பார்.

நித்யா: நகரவே இல்லை.

மாமா: சரி, என் முகத்தைப் பார்க்காதே. முன்னால் பார். அப்போதுதான் சொல்வேன்.

(நித்யா புத்தகத்தை மூடிவிட்டு முன்னால் பார்க்கிறாள். லாரியின் முதுகில் ‘ஒலி எழுப்புக’ என்று எழுதியிருக்கிறது.)