அரை மணி நேரத்துக்காக ஒன்றரை மணி நேரம்

ரூம் பாகாயத்துல, மாணவர்களைப் பார்க்கப் போறது காட்பாடிக்கு. நாகர்கோவில்ல இருந்து கிறிஸ்தவ மாணவர் ஊழியப் பயிற்சிக்குன்னு வேலூர் வந்து மூணு மாசம் ஆச்சு. வெயில்கூடப் பழகிடுச்சு. இந்தச் சாயங்கால பஸ் மட்டும் பழகவே மாட்டேங்குது.

ஆறு மணிக்கு ஏறினா, சிஎம்சி ஆஸ்பத்திரி வாசல்லயே பஸ் நிறைஞ்சிடும். வங்காளத்துல இருந்தும் ஜார்கண்ட்ல இருந்தும் வைத்தியத்துக்கு வந்தவங்க, ஸ்கேன் கவரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஏறுவாங்க. அவங்க மேல ஒரு வருத்தமும் இல்ல, எழுந்து இடம் கொடுத்துடுவேன். என் ஆத்திரமெல்லாம் கிரீன் சர்க்கிள் ஜங்ஷன் நெரிசல் மேலதான். அங்க நின்னா நின்னதுதான், டிரைவர் இன்ஜினையே அணைச்சிடுவார். அதுக்கப்புறம் பாலாத்துப் பாலம் வேற இருக்கு.

போய்ச் சேர ஏழரை. எட்டு மணிக்கு ஹாஸ்டல் கேட்டை மூடிடுவாங்க.

போன வியாழக்கிழமை மிசோரம் பையன் ஒருத்தன், முதல் வருஷம், சிமெண்ட் பெஞ்சுல எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தான். மடியில மிசோ பைபிள். அதோட உறை ஜிப்பைத் திறக்கிறதும் மூடுறதுமா இருந்தவன், கடைசியில அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு ஆரம்பிச்சான். அதுக்குள்ள வாட்ச்மேன் விசில் அடிச்சிட்டார். பாதிப் பேச்சுல எழுந்து ஓடினான். சேர்ந்து ஜெபிக்கக்கூட முடியல.

அன்னைக்கு கிரீன் சர்க்கிள்ல மட்டும் இருபது நிமிஷம் நின்னோம். அந்த இருபது நிமிஷம் கையில இருந்திருந்தா அவன் முழுசா சொல்லி முடிச்சிருப்பான்.