'நீ'யும் 'நி'யும் உறவல்ல

தமிழின் 'நீ', மாண்டரின் என்னும் சீன மொழியின் 'நி' இரண்டும் முன்னிலையைக் குறிப்பதால் சீனம் தமிழிலிருந்து பிறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். இத்தனை சிறிய சொல் தற்செயலாகவே ஒத்துப்போகும். 'நி' ஜப்பானியத்தில் இரண்டு, வேல்ஸ் மொழியில் நாங்கள். சுவீடிஷிலோ 'நீங்கள்' என்றே பொருள்! ஆனால் அங்கே பழைய சொல் வெறும் 'இ'தான். முன்னால் நின்ற வினைச்சொல்லின் 'ன்' ஈறு வந்து ஒட்டிக்கொண்டதால் 'நி' ஆனது. எவ்வளவு அழகான விபத்து!

உறவு இருந்தால் சொல்லுக்குச் சொல் ஒற்றுமை தெரியும். தமிழில் நீ, கண், மூன்று; கன்னடத்தில் நீனு, கண்ணு, மூரு. மாண்டரினில் கண்ணுக்கு 'யென்', மூன்றுக்கு 'ஸான்'. இவற்றை எப்படிப் பொருத்துவீர்கள்?