கடைசியில் வந்த சகலைகள்

(அதிகாலை ஐந்தரை மணி. மலையடிவாரம். கையில் டார்ச்சோடு பதினோரு பேர். முன்னால் ஒரு கைடு, வாலில் அவருடைய உதவியாள். திட்டம் இதுதான்: உச்சி ஏறி, மறுபக்கம் இறங்கி, அருவியில் குளித்துவிட்டு, மத்தியானத்துக்குள் வண்டிக்கு வந்துவிடுவது. அக்கா, தங்கை இருவரும் கைடுக்கு அடுத்தபடியாக நிற்கிறார்கள். அவர்களைக் கட்டிய சகலைகள் இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.)

பெரியவர்: சகலை, விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும்னு என்ன கட்டாயம்? மலை எங்கயும் ஓடிப் போயிடாதே.

சின்னவர்: மலை போகாதுண்ணே, மேகம் வந்துடும். வெயில் ஏற ஏற ஈரக்காத்து சரிவுல மேல போய் மேகமாத் திரளுமாம். மத்தியானம் இடி மின்னல்னா உச்சியில நாமதான் உயரமான பொருளா நிப்போம்னு கைடு சொன்னார்.

பெரியவர்: வீட்டுல என்னை ஒரு பொருட்டாவே மதிக்கிறதில்ல. மின்னலாவது மதிக்குதே.

சின்னவர்: அதென்ன, ஷூ புதுசா?

பெரியவர்: நேத்து சாயங்காலம் வாங்கினது. இன்னிக்குத்தான் திறப்பு விழா.

சின்னவர்: போச்சு. புது ஷூவை ரெண்டு வாரமாவது போட்டுப் பழக்கிட்டுத்தான் மலைக்கு வரணும்ணே. இல்லன்னா குதிகால்ல கொப்புளம் வந்துடும்.

பெரியவர்: நீங்க மட்டும் ஜீன்ஸ் போட்டு வந்திருக்கீங்க. கைடு அதைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம நகர்ந்துட்டார். எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு டாக்டர் பேசாம இருந்தா எப்படி இருக்கும்? எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு.

சின்னவர்: தெரியும்ணே. பருத்தித் துணி நனைஞ்சா லேசுல காயாது. கனமும் ஏறும், குளிரும் எடுக்கும்.

பெரியவர்: தெரிஞ்சே ஏன் போட்டீங்க?

சின்னவர்: இதுல நான் நல்லா இருக்கேன்னு உங்க கொழுந்தியாள்தான் சொன்னா.

பெரியவர்: எப்ப?

சின்னவர்: நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி.

(கைடு விரல் நீட்டி எண்ணுகிறார். "பதினொண்ணு. சரி, போலாம்." ஆளுக்கொரு விசில் கொடுத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் கழித்து அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறார் பெரியவர்.)

பெரியவர்: இதை... எதுக்குக்... கொடுத்தாங்க?

சின்னவர்: ஒரு நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதினா ஆபத்துல இருக்கோம்னு அர்த்தம்ணே. பதிலுக்கு அவங்க மூணு தடவை ஊதுவாங்க.

பெரியவர்: ஆறு தடவை ஊத மூச்சிருந்தா நான் ஏன்யா ஆபத்துல இருக்கேன்?

சின்னவர்: பேசிக்கிட்டே நடக்க முடிஞ்சா அதுதான் சரியான வேகமாம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்னா, வேகத்தைக் குறைக்கணுமாம்.

பெரியவர்: இதுக்கு மேல குறைச்சா பின்பக்கமா இறங்கிடுவேன். சரி, எனக்குப் பின்னாடி ஒருத்தர் வர்றாரே, அவரும் நம்மள மாதிரிதானா? பாவம், இன்னும் மெதுவா வர்றார்.

சின்னவர்: அவர்தாண்ணே கைடோட உதவியாள். வரிசையில கடைசி ஆளைத் தாண்டிப் போகக் கூடாது, அதான் அவர் வேலை. யாரும் தொலைஞ்சு போயிடாம இருக்க.

பெரியவர்: அப்ப அவரோட வேகத்தை முடிவு பண்றது நான்?

சின்னவர்: ஆமா.

பெரியவர்: இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து, எனக்குக் கீழ ஒரு ஆள் இப்பதான் வந்திருக்கார். கொஞ்சம் அனுபவிச்சுக்கிறேன், உட்காருங்க.

(உட்காருகிறார்கள். உதவியாளும் ஒரு கல்லில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு ஏதோ முணுமுணுக்கிறார். இவர்களைப் போல நூறு பேரைப் பார்த்த முகம்.)

சின்னவர்: பையில என்னண்ணே இவ்வளவு கனம்?

பெரியவர்: தண்ணி, சகலை. ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் வேணும்னாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு 5 லிட்டர் கொண்டு வந்தேன்.

சின்னவர்: லிட்டர் ஒரு கிலோண்ணே! குடிச்சிடுங்க, கனம் குறையும்.

பெரியவர்: பையில குறையும், வயித்துல ஏறும். எப்படியும் நான்தானே தூக்கணும்? உங்க பையில என்ன?

சின்னவர்: துண்டு, மாத்துத் துணி, சோப்பு, ஷாம்பு, தேய்ச்சுக் குளிக்க நார்.

பெரியவர்: தண்ணி?

சின்னவர்: அருவிக்குத்தானே போறோம்?

(பெரியவர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுகிறார். அதில் கருணையை விட எடைக் கணக்குதான் அதிகம்.)

பெரியவர்: இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு கைடைக் கேட்டீங்களா?

சின்னவர்: பத்து நிமிஷம்னார்.

பெரியவர்: கிளம்பும்போதும் அதைத்தானே சொன்னார்?

சின்னவர்: அது நேரம் இல்லண்ணே, ஆறுதல். நிஜக் கணக்கு வேற இருக்கு. வில்லியம் நைஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி, 1892-லயே சொல்லி வச்சிருக்கார். 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம். அதோட, ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கணும். இந்தப் பாதை 5 கிலோமீட்டர், ஏத்தம் 600 மீட்டர். ஆக ரெண்டு மணி நேரம்.

பெரியவர்: நடுவுல உட்கார்றதை எல்லாம் சேர்த்தா?

சின்னவர்: அதைச் சேர்க்கல. நிக்காம நடக்கிறவங்களுக்குத்தான் இது.

பெரியவர்: அப்ப நாம இந்தக் கணக்குலயே இல்ல. 600 மீட்டர்னா எவ்வளவு சகலை? புரியற மாதிரி சொல்லுங்க.

சின்னவர்: ஒரு மாடி 3 மீட்டர்னு வச்சுக்கிட்டா, 200 மாடி.

பெரியவர்: ஐயோ, மெதுவாப் பேசுங்க! மொட்டை மாடியில காயற துணியை எடுத்துட்டு வரச் சொன்னா முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டிருக்கேன். உங்க அண்ணி காதுல விழுந்தா இனிமே அந்த வேலை என் தலையிலதான்.

(வளைவு தாண்டினால் ஒரு பாறைத்திட்டு. முன்னால் போனவர்கள் அங்கே நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். சகலைகள் முகம் மலர்ந்து நெருங்குகிறார்கள். எல்லோரும் எழுந்து பின்பக்க மண்ணைத் தட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள்.)

பெரியவர்: என்ன அநியாயம் இது! இப்பதான் வர்றோம்.

சின்னவர்: நமக்காகத்தான் காத்திருந்தாங்களாம். வந்துட்டோம், அதனால கிளம்பறாங்க.

பெரியவர்: வேகமா நடக்கிறவனுக்குப் பத்து நிமிஷம் ஓய்வு. களைச்சுப்போய் வர்றவனுக்கு ஓய்வே இல்ல. உலகத்துல எல்லா இடத்துலயும் இதே சட்டம்தானா?

சின்னவர்: நீங்க வேணா முன்னாடி போய்க் கைடுக்குப் பின்னால நடங்கண்ணே. மெதுவா நடக்கிறவங்களை அங்க விட்டு, அவங்க வேகத்துக்கே குழுவை நடத்தறதும் உண்டாம்.

பெரியவர்: கைடுக்குப் பின்னால உங்க அண்ணி. அவளுக்குப் பின்னால நான். மலை முழுக்க என் மூச்சு சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வருவா. "என் தங்கச்சி வீட்டுக்காரர் எப்படி ஏறறார் பாருங்க"ன்னு ஆரம்பிப்பா. எனக்கு இந்த வாலே போதும்.

சின்னவர்: உங்களுக்குமா? "எங்க அத்தான் இந்த வயசுல எப்படி ஏறறார் பாருங்க"ன்னு எனக்கு நடக்குது.

பெரியவர்: நிஜமாவா? என்னையா சொல்றா?

சின்னவர்: நேத்து ராத்திரி கூட.

பெரியவர்: (ரொம்ப நேரம் யோசித்து) நாம ரெண்டு பேரும் இதைப் பத்தி முன்னாடியே பேசியிருக்கலாம்.

(இந்த ஒரு விஷயம் வெளிவந்ததற்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது என்பது என் கருத்து.)

சின்னவர்: அண்ணே, அதோ! மேல மரமே இல்ல, வானம்தான் தெரியுது. உச்சி!

பெரியவர்: வாங்க, ஓடுவோம்!

(ஓடுகிறார்கள். ஓட்டம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். மேலே போனால் அதற்குப் பின்னால் இன்னும் உயரமாக ஒன்று நிற்கிறது.)

பெரியவர்: இது என்ன?

சின்னவர்: அதுதான் உச்சியாம். இது போலி உச்சி. சரிவு வெளிப்பக்கமா உப்பியிருந்தா, கீழ இருந்து பாக்கறவங்களுக்கு அந்த விளிம்பு வரைக்கும்தான் தெரியும். அதுக்குப் பின்னால இருக்கிறது மறைஞ்சுடும்.

பெரியவர்: வீட்டுக்கடன் மாதிரி. சகலை, அசையாதீங்க. உங்க கணுக்கால்ல ஏதோ கறுப்பா...

சின்னவர்: அட்டை! அண்ணே, அட்டை! இழுங்க!

பெரியவர்: இழுக்கக் கூடாது, உப்பும் போடக் கூடாதுன்னு காலையில சொன்னாங்களே. அது கலங்கிப்போய்க் குடிச்சதைக் காயத்துலயே கக்கிடுமாம். நகத்தை ஓரமா விட்டுத் தோலோட ஒட்டித் தள்ளணும். இதோ, விழுந்துடுச்சு. கடிச்சது தெரியவே இல்லயா?

சின்னவர்: கொஞ்சம் கூட வலிக்கலண்ணே. இப்ப ரத்தம்தான் நிக்க மாட்டேங்குது.

பெரியவர்: ரத்தம் உறையாம இருக்க அது ஹிருடின்னு ஒண்ணை விட்டுக்கிட்டேதான் குடிக்குமாம். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க, நின்னுடும். வலியே தெரியாம, வாங்கற வரைக்கும் வாங்கிட்டு, தானா விழுந்து போயிடும். இதே குணத்துல ஒருத்தரை எங்கயோ பார்த்திருக்கேன்.

சின்னவர்: நம்ம சின்ன மச்சான்.

பெரியவர்: நான் பேர் சொல்லல.

(உச்சி. சுற்றிலும் வெள்ளை. மேகத்துக்குள் நிற்கிறார்கள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.)

பெரியவர்: காட்சி எங்க?

சின்னவர்: இதுக்குள்ளதான் இருக்கு.

பெரியவர்: குளிருது சகலை.

சின்னவர்: 1000 மீட்டர் ஏறினா சராசரியா 6.5 டிகிரி குறையும்ணே. 600 மீட்டருக்கு ஏறக்குறைய 4 டிகிரி. காத்தும் வியர்வையும் சேர்ந்தா இன்னும் அதிகமாத் தெரியும். அட, போன் அடிக்குது. வழி பூரா ஒரு புள்ளி சிக்னல் இல்ல, இங்க முழுசா இருக்கு! அண்ணே... எங்க மேனேஜர்.

பெரியவர்: அதனால என்ன?

சின்னவர்: காய்ச்சல்னு லீவு போட்டிருக்கேன். (போனில், தேய்ந்த குரலில்) சார்... படுத்திருக்கேன் சார்... அந்தச் சத்தமா? ஃபேன் சார். பெரிய ஃபேன்... ஆஸ்பத்திரி ஃபேன்.

பெரியவர்: (உதவி செய்வதாக நினைத்து, உரக்க) நர்ஸ்! இவருக்கு அடுத்த ஊசியைப் போடுங்க!

(அதே நேரம் கைடு, "உச்சியைத் தொட்டவங்க எல்லாருக்கும் ஒரு கைதட்டு!" என்கிறார். ஒன்பது பேர் கைதட்டி விசிலடிக்கிறார்கள்.)

சின்னவர்: (போனில்) கைதட்டா சார்? அது... எனக்குத்தான் சார். குணமாயிட்டேன்... சரி சார். நாளைக்கு வந்துடறேன் சார்.

(இறக்கம். பெரியவர் பக்கவாட்டில், ஒரு நண்டைப் போல இறங்குகிறார்.)

பெரியவர்: இறக்கம் சுலபம்னு சொன்னவனைக் கூப்பிடுங்க.

சின்னவர்: மூச்சுக்குத்தாண்ணே சுலபம். தொடைக்கு இல்ல. ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசை நீண்டுக்கிட்டே பிரேக் பிடிக்குது. அதுல நுண்ணிசா அடிபடும். வலி இன்னிக்கு இல்ல, நாளைக்கும் நாளான்னைக்கும்தான் உச்சத்துக்கு வரும்.

பெரியவர்: அங்கயும் ஒரு போலி உச்சி. எனக்குக் கட்டைவிரல் ரெண்டும் ஷூ முனையில முட்டி முட்டி உயிர் போகுது.

(உதவியாள் பேசாமல் வந்து மண்டியிட்டு, பெரியவரின் ஷூ நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டிவிட்டு, "இப்ப கால் முன்னால வழுக்காது. அடுத்த தடவை நகத்தை வெட்டிட்டு வாங்க சார்" என்கிறார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம்.)

பெரியவர்: அடுத்த தடவையாம்! என்ன நம்பிக்கை பாருங்க அந்த மனுஷனுக்கு.

(அருவி. தெரிவதற்கு முன்பே சத்தமும் சாரலும் வந்துவிட்டன. சின்னவர் பையைத் திறந்து சோப்பை எடுக்கிறார். தூரத்திலிருந்தே கைடு தலையை ஆட்டுகிறார்.)

சின்னவர்: சோப்பு கூடாதாம்ணே. மக்கிப் போற சோப்பாயிருந்தாலும் ஓடற தண்ணியில கூடாதாம். மீனுக்கும் பூச்சிக்கும் ஆகாதாம்.

பெரியவர்: அந்த நாரை வேணா மலைக்குப் பரிசாக் கொடுத்துட்டுப் போங்க.

சின்னவர்: கொண்டு வந்ததைத் திரும்ப எடுத்துட்டுப் போகணும்ணே. சரி, நேரா அருவிக்கு அடியில போய் நிப்போமா?

பெரியவர்: அங்க போகாதீங்க. தண்ணியோட கல்லும் வரும்னு சொல்லிட்டார். அந்த வெள்ளை நுரைப் பக்கமும் ஆகாது. அதுல பாதி காத்து, உடம்பை மிதக்க விடாதாம். இந்த ஓரமே போதும். ஏன் சகலை, எல்லாரும் அருவியைப் பாக்கறாங்க, கைடு மட்டும் மேல ஆத்தையே பாத்துக்கிட்டிருக்காரே?

சின்னவர்: தண்ணி திடீர்னு கலங்கினாலோ, இலையும் குச்சியும் அடிச்சிட்டு வந்தாலோ, சத்தம் கூடினாலோ, உடனே எல்லாரையும் மேட்டுக்கு ஏத்தணும். மேல எங்கயாவது மழை பெய்ஞ்சிருந்தா, இங்க வெயில் அடிக்கிறப்பவே வெள்ளம் வந்துடும். அவருக்கு இது குளியல் இல்லண்ணே, காவல்.

பெரியவர்: நம்ம ஆளுங்க செல்ஃபி எடுக்கட்டும். எனக்கு அந்த மனுஷன் அங்க நிக்கறதுதான் நல்ல காட்சியாத் தெரியுது. அட, சகலை! சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. சாரல்ல வானவில்!

சின்னவர்: எங்க? ஆமாண்ணே! காலடி வரைக்கும் வளைஞ்சு வருது.

பெரியவர்: நான் பாக்கறதும் அதேதானா?

சின்னவர்: இல்ல. அவங்கவங்க கண்ணுக்கு எதிர்ல 42 டிகிரி கோணத்துல இருக்கிற துளிதான் அவங்கவங்களுக்குச் சிவப்பைக் காட்டும். நீங்க பாக்கற வில்லு வேற, நான் பாக்கற வில்லு வேற.

பெரியவர்: அப்ப யாரோட வானவில் பெருசுன்னு அக்காளும் தங்கச்சியும் ஒப்பிட முடியாது?

சின்னவர்: முடியவே முடியாது.

பெரியவர்: இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம்.

(கிளம்பும் நேரம். நனைந்த ஜீன்ஸோடு சின்னவர், கொப்புளத்தோடு பெரியவர். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, நான்கு காலில் இரண்டை மட்டும் நம்பி வருகிறார்கள். கைடு விரல் நீட்டி எண்ணுகிறார். நின்று, மறுபடி எண்ணுகிறார். "பத்துதான் வருது! யாரோ ஒருத்தர் குறையறாங்க!")

சின்னவர்: அண்ணே, நம்மள ஒரே ஆளா எண்ணிட்டார். கையை எடுங்க, கணக்கு சரியாயிடும்.

பெரியவர்: எடுத்தா ஒன்பதாயிடும். பேசாம நடங்க.