மே மாதத்தில் நான் எதைப் படித்தால் உங்களுக்கு என்ன?

நாற்பதைத் தாண்டிய ஒருத்தி, மே மாத மத்தியானத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, பதினாறு வயதுப் பெண் வில்லும் அம்புமாகக் காட்டுக்குள் ஓடுகிற கதையைப் படித்தால் யார் குடி முழுகிவிடும்? யாராவது விளக்கிச் சொன்னால் புண்ணியமாகப் போகும். எனக்குத் தெரிந்து ஒருவருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. ஆனால் அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் ஆளாளுக்கு ஒரு முகம் காட்டுகிறார்கள். "இந்த வயசுல இதைப் போயா படிக்கிறே?" என்று நேராகக் கேட்பவர்களைக்கூட மன்னித்துவிடலாம். "நீயெல்லாம் எவ்வளவோ நல்லா படிக்கிறவளாச்சே..." என்று இழுக்கிறார்களே, அவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏதோ நான் குடிக்க ஆரம்பித்துவிட்ட தொனி.

புத்தகக் கடையிலேயே இந்த அவமானம் தொடங்கிவிடுகிறது. இளையோர் நாவல்களை எங்கே வைத்திருப்பார்கள் தெரியுமா? சின்னப் பிள்ளைகள் பகுதியில். வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்கும் ஸ்கெட்ச் பேனா டப்பாக்களுக்கும் நடுவில், முழங்கால் உயரத் தட்டில். மூட்டு வலிக்கக் குனிந்து, முதல் பாகம் இல்லாமல் இரண்டும் மூன்றும் மட்டும் இருக்கிற வரிசையைக் கிளறி, ஒருவழியாக ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு போனால், பில் போடுகிற பையன் சிரித்த முகத்தோடு கேட்கிறான்: "கிஃப்ட் பேக் பண்ணிடவா மேடம்? பாப்பாவுக்கு என்ன வயசு?" நாற்பத்து மூணு என்றேன். அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தான்.

சரி, என்னைப் பார்த்து முகம் சுளிக்கிற இந்தப் பெரிய மனிதர்கள் ராத்திரி என்ன செய்கிறார்கள்? போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்குவதை ஒரு மணி நேரம் பார்க்கிறார்கள். ஏழு வருடமாக ஒரே மாமியார் ஒரே மருமகளுக்கு விஷம் வைக்கிற சீரியலை விடாமல் பார்க்கிறார்கள். ஐபிஎல்லில் எந்த அணி ஜெயித்தாலும் தோற்றாலும் இவர்களுக்குப் பத்துப் பைசா வரப்போவதில்லை, ஆனாலும் நடு ராத்திரி வரை தொண்டை கிழியக் கத்துகிறார்கள். இதெல்லாம் "ரிலாக்ஸ் பண்றது". இவர்களிடம் யாரும் போய் இந்த வயசுலயா என்று கேட்பதில்லை. அதே ஓய்வைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டால் மட்டும் குற்றம்.

காரணம் எனக்குத் தெரியும். நம் வீடுகளில் புத்தகம் என்றால் கஷாயம். கசக்க வேண்டும், கசந்தால்தான் உடம்புக்கு நல்லது. அதனால்தான் காலை நாலரை மணிக்கு எழுந்தால் கோடீஸ்வரன் ஆகலாம் என்று சொல்கிற புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவனைப் பார்த்து ஒருத்தரும் சிரிப்பதில்லை. அதே அறிவுரையை அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற்றி மாற்றி எழுதியிருப்பார்கள். இருந்தும் அவன் "பயனுள்ளதாகப்" படிக்கிறான். நான் வீணாகப் போகிறேன்.

கொஞ்சம் இந்த வெயிலையும் யோசியுங்கள். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கினால் 28 வாக்கில்தான் முடியும். திருச்சியில் அந்த நாட்களில் மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுச் சுவரைத் தொட முடியாது. தலைக்குள் மூளை என்று ஒன்று இருப்பதே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் ஞாபகம் வரும். அந்த நேரத்தில் போய், ஒரே பத்தி நாலு பக்கம் நீள்கிற, அப்பனுக்கும் மகனுக்கும் நடுவே எழுபது பக்கமாக ஒரு வார்த்தை பேச்சில்லாத நாவலை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா? மார்கழியில் படிக்கிறேன், வருடா வருடம் படித்துக்கொண்டும் இருக்கிறேன். மே மாதத்துக்கு வேறு வகை வேண்டும். சின்னச் சின்ன அத்தியாயங்கள். முதல் பக்கத்திலேயே யாருக்கோ ஏதோ ஆபத்து. கதை சொல்கிறவள் "நான், நான்" என்று என் காதருகே பேச வேண்டும். அத்தியாயத்தின் கடைசி வரி என்னை அடுத்த அத்தியாயத்துக்குள் பிடித்துத் தள்ள வேண்டும். கரண்ட் போனாலும் ஜன்னல் பக்கம் நகர்ந்து படுத்துப் படிக்கத் தோன்ற வேண்டும். இதைச் செய்ய எழுத்தாளருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒருவராவது நினைத்துப் பார்க்கிறார்களா?

2008ல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய சூசன் காலின்ஸ் அதற்கு முன்பே தொலைக்காட்சிக்கு எழுதிப் பழகியவர். மூன்று பகுதி, பகுதிக்கு ஒன்பது அத்தியாயம். தலைநகரை எதிர்த்த குற்றத்துக்காக வருடந்தோறும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் குலுக்கல் சீட்டில் தேர்ந்தெடுத்து, கடைசி ஆள் மிஞ்சும்வரை சண்டை போட விட்டு டிவியில் காட்டுகிறார்கள். 12 வயதானால் கண்ணாடிக் குடுவைக்குள் உங்கள் பேரில் ஒரு சீட்டு. வருடத்துக்கு ஒன்று கூடும். இதுவரை எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். ஆனால் வீட்டில் பட்டினி என்றால், ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக உங்கள் பேரில் இன்னொரு சீட்டு போடச் சம்மதிக்கலாம். அம்மாவுக்கும் தங்கைக்கும் தனக்குமாக வருடா வருடம் அப்படி வாங்கியதில், கதை சொல்கிற பதினாறு வயதுக் காட்னிஸின் பேர் குடுவைக்குள் இருபது தடவை கிடக்கிறது. அவள் நண்பன் கேலின் பேர் நாற்பத்து இரண்டு தடவை. முதல் வருடமே வந்து நிற்கிற தங்கையின் பேர் ஒரே ஒரு தடவை. முதல் அத்தியாயம் முடிகிறபோது எந்தச் சீட்டு வெளியே வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும். சீட்டு எல்லாருக்கும் பொது, ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளையின் சீட்டுதான் அதிகம். இதை ஒரு சொற்பொழிவும் இல்லாமல் இருபது சொச்சம் பக்கத்தில் சொல்லி முடித்துவிட்டு, அப்புறமும் என்னை மூச்சு முட்ட ஓட வைக்கிறது அந்தக் கதை. இதுதான் உங்கள் "சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்".

ஆனால் இருங்கள். இதைச் சொன்னதும் சிலர் உடனே, "ஓ, அப்படின்னா இது ஆழமான புத்தகம்தான்" என்று சமாதானமாகித் தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு இன்னும் எரிச்சல். ஆழம் இருந்தால்தான் அனுமதியா? நான் படிப்பதில் பாதிக்கு மேல் ஆழமே கிடையாது. ரத்தக் காட்டேரிப் பையனைக் காதலிக்கிற பெண்ணின் கதையும் படித்திருக்கிறேன், நாலு பாகமும். இரண்டாம் பாகத்தில் அந்தப் பையன் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குக் காணாமல் போய்விடுகிறான், அந்தப் பெண் அழுதுகொண்டே இருக்கிறாள். கன்னத்தில் ஒன்று போடலாமா என்றிருந்தது. இருந்தும் ராத்திரி இரண்டு மணி வரை படித்தேன், மறுநாள் வேலைக்குப் போனேன், கணக்கில் ஒரு தப்பு வரவில்லை. லேசான புத்தகம் லேசாக இருப்பதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், இந்த விஷயத்தில் கட்சித் தலைவர். லீவுக்கு எல்லாரும் கூடுகிற நேரமாகப் பார்த்து, என் கையிலிருக்கும் புத்தகத்தை வாங்கி, அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார். "பொன்னியின் செல்வன் மாதிரி ஏதாவது படிக்கக் கூடாதா?"

அண்ணா, உங்களுக்கு இதை எப்படிச் சொல்வது? நீங்கள் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற அந்த ஐந்து பாகங்களும் 1950லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாரா வாரம் தொடராக வந்தவை. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற ஒரு இளைஞன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. போன இடத்திலெல்லாம் வம்பு. கடம்பூர் மாளிகையில் ராத்திரி ஒளிந்துகொண்டு பெரிய மனிதர்களின் சதியை ஒட்டுக் கேட்கிறான். இளவரசியைப் பார்த்ததும் தடுமாறுகிறான். சுரங்கப்பாதை, மாறுவேடம், கடலில் புயல். ஒவ்வொரு வாரத்துப் பகுதியின் கடைசியிலும் கதையை ஆபத்தில் தொங்கவிட்டு நிறுத்துவார் கல்கி, கூடவே மணியத்தின் படம். அடுத்த இதழ் வந்ததும் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று அடிதடி நடந்ததாக உங்கள் அம்மா, என் பெரியம்மாவே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அதைப் படித்தவர்கள் வரலாற்று அறிவை வளர்த்துக்கொள்ளவா படித்தார்கள்? வந்தியத்தேவன் பிழைத்தானா என்று பார்க்கப் படித்தார்கள். எழுபது வருடப் பழசானதும் அது மரியாதைக்குரியதாகிவிட்டது, அவ்வளவுதான். நான் படிப்பதும் எழுபது வருடம் கழித்து மரியாதைக்குரியதாகும், அப்போது யாரோ ஒரு அண்ணன் யாரோ ஒரு தங்கையிடம் இதைக் காட்டி, இது மாதிரி ஏதாவது படிக்கக் கூடாதா என்பான்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஹாரி பாட்டரை ரயிலில் எடுத்துப் படிக்கப் பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள் என்று, 1998லேயே லண்டன் பதிப்பாளர் அதே கதைக்குக் கறுப்பு வெள்ளையில் பெரியவர்களுக்கான அட்டை போட்டு விற்றார். உள்ளே ஒரு எழுத்து மாறவில்லை. 2000ல் நியூயார்க் டைம்ஸ் சிறுவர் நூல்களுக்கென்று தனியாக ஒரு விற்பனைப் பட்டியலே ஆரம்பித்தது, அந்த மந்திரவாதிப் பையன் பெரியவர்களின் பட்டியலில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்ததால். 2014ல் ஸ்லேட் இதழில் ஒரு கட்டுரையாளர், சிறுவர்களுக்காக எழுதியதைப் படிக்கிற பெரியவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றே எழுதினார். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 12 முதல் 17 வயதினருக்கென்று வெளியாகும் நூல்களை வாங்குபவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களிலும் 30லிருந்து 44 வயதுக்காரர்கள்தான் பெரிய கூட்டம் என்று பௌக்கர் என்ற அமெரிக்க நிறுவனம் கணக்கெடுத்துச் சொல்லிவிட்டது. பிள்ளைகளுக்கு வாங்கியிருப்பார்கள் என்கிறீர்களா? அதையும் கேட்டிருக்கிறார்கள். 78 சதவீதம் தாங்கள் படிக்கத்தானாம். அங்கே ஆட்கள் வெட்கப்பட்டுக்கொண்டாவது வாங்கினார்கள். வாங்கியதால் எழுதினார்கள், எழுதியதால் அலமாரி நிறைந்தது.

இங்கே என்ன நடந்தது? எனக்கு உண்மையான ஆத்திரம் இங்கேதான். 1947 ஜூலையில் அம்புலிமாமா வந்தது. 1972ல் கோகுலம், அதே வருடம் முத்து காமிக்ஸ். பிறகு லயன், ராணி காமிக்ஸ், வாண்டுமாமாவின் பூந்தளிர். பத்துப் பன்னிரண்டு வயது வரை நமக்குக் குறையே இல்லை, மே மாதம் முழுக்க முருங்கை மரத்து வேதாளமும் இரும்புக்கை மாயாவியும் கூடவே இருந்தார்கள். அப்புறம்? பதிமூன்று வயதானதும் திடீரென்று தரை இல்லை. ஒரு பக்கம் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குகிற மாத நாவல்கள். அதை வீட்டில் பீரோவுக்கு மேலே வைத்திருப்பார்கள், நாற்காலி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். இன்னொரு பக்கம் நேரே பேரிலக்கியம். பத்தாம் வகுப்புப் பரீட்சை, டியூஷனுக்குப் போகிற சைக்கிள், வீட்டில் சொல்ல முடியாத ஒரு பேர், அப்பாவின் கடன், கூடப் படித்தவளுக்குத் திடீரென்று கல்யாணம் என்று அந்த வயதுக்காரர்களின் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே சொல்கிற கதைக்கு ஒரு தட்டு கிடையாது.

எழுத ஆள் இல்லாமலா? எண்பதுகளிலேயே சுஜாதா விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். சர்வாதிகார ஆட்சி, அதற்கு எதிராக நிற்க நேர்கிற நிலா என்ற இளம்பெண், கூடவே புத்திசாலி ரோபோ நாய் ஒன்று. அமெரிக்காவில் அந்த வகைக் கதைகள் அலையடித்ததற்கு இருபது வருடம் முன்பு! அங்கே என்றால் அதைத் தொடர்ந்து நூறு பேர் எழுதியிருப்பார்கள். இங்கே சுஜாதாவே எழுதிய 'மீண்டும் ஜீனோ'வை விட்டால் அது ஒற்றையாக நிற்கிறது. இப்போது சில பதிப்பகங்கள் இளையோருக்கென்று மெல்லிய புத்தகங்கள் போடுகின்றன, நல்ல முயற்சி. வாங்கிப் பார்த்தால் பலதில் கடைசிப் பக்கத்தில் ஒரு அறிவுரை உட்கார்ந்திருக்கிறது. மரம் நடு, போன் பார்க்காதே, பெரியவர்கள் பேச்சைக் கேள். ஏனென்றால் காசு கொடுப்பது பெற்றோர், அவர்களுக்குக் கஷாயம் வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை முதல் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறது. அப்புறம் "இந்தக் காலத்துப் பசங்க தமிழ்ல படிக்கிறதே இல்லை" என்று அதற்கும் ஒரு புலம்பல்.

அண்ணனின் மகளையே பாருங்களேன். பதினொன்றாம் வகுப்பு போகப்போகிறாள். லீவு என்று பேர்தான், மே முதல் வாரமே நீட் கோச்சிங்கில் தள்ளிவிட்டார்கள். போன வருடம் என்னிடம் 'ஹங்கர் கேம்ஸ்' முதல் பாகத்தை வாங்கிக்கொண்டு போனவள், "அத்தை, ரெண்டாவது இருக்கா?" என்று ரகசியமாகக் கேட்டாள். அதை இயற்பியல் கைடு நடுவில் வைத்துத்தான் படிக்கிறாளாம். புத்தகத்தை ஒளித்துப் படிக்கிற பிள்ளையைப் பார்த்தால் மற்ற வீடுகளில் ஆரத்தி எடுப்பார்கள். இந்த வீட்டில் மட்டும் பிடிபட்டால் விசாரணை.

அண்ணா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மூன்றாம் பாகத்தையும் அவளிடம் கொடுத்தாகிவிட்டது. முதல் பாகம் இப்போது என்னிடம் சும்மாதான் இருக்கிறது, வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அட்டைதான் உங்களுக்குப் பிரச்சினை என்றால் பிரவுன் பேப்பர் போட்டே தருகிறேன்.