எந்த பிளேடு போட்டாலும் தாடி தடிக்காதுங்க

வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்துது, பழைய சேவிங் செட்ல ரெண்டு பக்க பிளேடு போட்டு வழிச்சா தாடி தடிப்பா முரடா வளருமாம், அதனால அஞ்சு பிளேடு கார்ட்ரிட்ஜ்தான் வாங்கணுமாம். சுத்தப் பொய். முடி வளர்றது தோலுக்கு அடியில வேர்ல, பிளேடு வெட்டுறது வெளிய இருக்குற உயிரில்லாத பகுதிய மட்டும்தான். 1928லயே மில்ட்ரெட் ட்ராட்டர்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் இத சோதிச்சுப் பாத்து, வழிக்கிறதால வளர்ச்சி மாறலன்னு எழுதிட்டாங்க.

அப்போ ஏன் முள்ளு முள்ளா குத்துது? வெட்டாத முடி நுனி கூம்பி மெல்லிசா இருக்கும், வெட்டுனதும் மொட்டையாயிடும், குட்டையா வேற இருக்குறதால வளையாம நிக்கும், அவ்ளோதான், காஸ்ட்லி கார்ட்ரிட்ஜ்ல வழிச்சாலும் இதே கததான். எரிச்சல் வருதுன்னா மழுங்குன பிளேட மாத்துங்க, வெதுவெதுப்பான தண்ணில தாடிய நல்லா ஊற வச்சு, அழுத்தாம முடி வளர்ற பக்கமாவே இழுங்க.